சிங்கப்பூரில் வில் பழக: வேட்டை ஆசையோடு வருபவருக்கும் வெறுங்கையோடு வருபவருக்கும்

வில்வித்தை பழகலாமா என்று கேட்டு வருபவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகை, பிள்ளையை ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்து முதுகு பிடித்துப்போன அலுவலகக்காரர்கள். இன்னொரு வகை, ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ படித்தபோது நண்பர்களோடு காட்டுக்குப் போய் வேட்டை வில்லைத் தொட்டுப் பார்த்தவர்கள். தொடாதவர்களும் இதில் உண்டு. இரவெல்லாம் வேட்டை வீடியோ பார்த்து, எழுபது பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) எந்தக் கடையில் என்ன விலை என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இது இரண்டு பேருக்குமான கட்டுரை. ஆனால் இரண்டாம் வகையினருக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தை வேகமாகக் கரைப்பவர்கள் அவர்கள்தான்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம்

சிங்கப்பூரில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. முன்பு காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் என்றிருந்தது 2020-இல் வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறி இன்னும் இறுகியது. அனுமதி இல்லாமல் ஒரு காட்டு விலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதாகப் பழம்பாட்டு சொல்கிறது. அந்தப் பட்டியலில் பன்றி பாசிர் ரிஸ் பக்கமும் உடும்பு சுங்கை பூலோவிலும் இன்றும் உலவுகின்றன. ஓரி இங்கே பிறந்திருந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் பதில் எழுதியே ஓய்ந்திருப்பார்.

பூங்கா, புளோக்கின் கீழ்த்தளம், நடைபாதை, கார் நிறுத்துமிடம் எதிலும் வில்லை எடுக்காதீர்கள். "யாரும் இல்லாத நேரம்" என்று இந்த ஊரில் ஒரு நேரம் இல்லை. வெளிநாட்டில் வைத்திருந்த வில்லைக் கொண்டுவர நினைத்தாலோ, இணையத்தில் வாங்கி வரவழைக்க நினைத்தாலோ, பணம் கட்டும் முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கினால் இந்தத் தலைவலியைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். கொஞ்சம் விலை கூடினாலும் உள்ளூரில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேட்டைக்காரருக்கு இலக்கு அட்டையில் என்ன கிடைக்கும்?

"ஓடுகிற மானைப் பார்த்தவனுக்கு ஒட்டிவைத்த காகிதம் எதற்கு?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்வேட்டையில் பெரும்பாலான அம்புகள் முப்பது, நாற்பது கெஜத்துக்குள்தான் விடப்படுகின்றன. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். காம்பவுண்ட் இலக்குப் போட்டியில் தூரம் 50 மீட்டர், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். உள்ளரங்கில் 18 மீட்டர்தான். ஆனால் காம்பவுண்டுக்கு அங்கே பத்துப் புள்ளி வட்டம் வெறும் 2 சென்டிமீட்டர். காட்டில் "நான் நல்லா அடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். அட்டை முன் நின்றால் ஆறாவது அம்பிலேயே உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வேட்டையில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து ஒரே ஓர் அம்பு விடுவீர்கள், அதுவும் விடாமலே திரும்பும் நாள்கள்தான் அதிகம். ரேஞ்சில், அதாவது வில் பழகும் இடத்தில், ஒரு மாலையில் நூறு அம்பு விடலாம். வில் பிடிப்பவர் பலருக்கும் ஒரு கட்டத்தில் ஒரு வியாதி வரும்: குறி அட்டையின் நடுவிலுள்ள மஞ்சளுக்குள் நுழைந்ததும் கை தானாகவே நாணை விட்டுவிடும், அல்லது குறி மஞ்சளுக்குள் போகவே மறுக்கும். அதற்கு மருந்து நிதானமாக, அட்டை இல்லாமல்கூட, மறுபடி மறுபடி அம்பு விடுவதுதான். காட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் வேட்டைக் காலம் இல்லாத மாதங்களில் இலக்குப் பயிற்சிக்குப் போவது இதனால்தான்.

ஆனால் அவர்களுக்கு இருக்கும் ஒரு வசதி நமக்கு இல்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நுரைக் கட்டையை வைத்து இலவசமாக எய்வார்கள். நம் வீவக வீட்டில் வாசற்கதவிலிருந்து சமையலறைச் சன்னல்வரை அளந்தாலும் 18 மீட்டர் தேறாது. இங்கே நீங்கள் காசு கொடுப்பது அந்த 18 மீட்டர் நிலத்துக்குத்தான். வில்லின் விலை ஒரு முறை வரும் செலவு, நில வாடகையோ வாராவாரம் வரும். இதைப் புரிந்துகொண்டு செலவைத் திட்டமிட்டால் பாதி காசு மிச்சம்.

படி ஒன்று: வாடகை வில்லோடு ஒரு மணி நேரம்

உள்ளரங்க ரேஞ்ச் ஒன்றில் ஒரு மணி நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். வில், அம்பு, கைக்காப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். தோராயமாக 20 முதல் 40 வெள்ளிவரை ஆகும், வார இறுதியில் கூடும். வேலை நாள் பிற்பகலில் போனால் கூட்டம் குறைவு, சொல்லிக்கொடுப்பவர் உங்கள் பக்கத்திலேயே நிற்பார்.

மூடிய காலணி போடுங்கள். தொளதொளவென்ற சட்டை வேண்டாம், நாண் கையைத் தட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட முடியைக் கட்டுங்கள். தாலிக்கொடி, சங்கிலி, ஜிமிக்கி போட்டிருந்தால் உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், இல்லை கழற்றிவிடுங்கள். நாண் முகத்தையும் மார்பையும் ஒட்டித்தான் போகும்.

போகும் முன் வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன முக்கோணத் துளை செய்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கண் ஆண்டால் இடது கையில் வில், வலது கையால் நாண். எழுதும் கையும் ஆளும் கண்ணும் வேறு வேறாக இருந்தால் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி இரண்டு: அடிப்படை வகுப்பு

முதல் மணி நேரம் பிடித்திருந்தால் சில வாரங்கள் நடக்கும் அடிப்படை வகுப்பில் சேருங்கள். வீடியோ பார்த்துக் கற்கலாமே என்பார்கள். வீடியோவில் இருப்பவர் உங்கள் முழங்கையைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

வகுப்பில் ரிகர்வ் வில்தான், அதாவது சக்கரம் இல்லாத, முனைகள் முன்னோக்கி வளைந்த வில்தான் கொடுப்பார்கள், இழுவிசை 18 முதல் 24 பவுண்டுக்குள் இருக்கும். வேட்டை வில்லில் எழுபது பவுண்டு இழுத்தவர் இங்கேதான் முகம் சுளிப்பார். ஒருநாள் பக்கத்து வரிசையில் நடந்தது. குயின்ஸ்லாந்தில் பன்றி வேட்டைக்குப் போய்வந்த ஒருவர், "தம்பி, இது பிள்ளைங்க வில்லு. பெருசா ஒண்ணு கொடுங்க" என்றார். பயிற்றுநர் பையன் சிரித்துக்கொண்டே, "சரிண்ணே, இதையே இழுத்து முப்பது விநாடி அசையாம நில்லுங்க, அப்புறம் மாத்தித் தர்றேன்" என்றான். பதினைந்தாவது விநாடியில் வில் முனை நடுங்க ஆரம்பித்தது, இருபதில் அண்ணன் மெதுவாக நாணைத் திரும்ப விட்டார். வில் மாறவில்லை.

காரணம் எளிது. காம்பவுண்ட் வில்லின் இரு முனையிலும் உள்ள சக்கரங்கள், முழுக்க இழுத்த பிறகு பாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கிக்கொள்ளும். எழுபது பவுண்டு வில்லைப் பிடித்து நிற்கும்போது கையில் இருப்பது பதினைந்து பவுண்டு அளவுதான். ரிகர்வில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், குறி பார்க்கும்போது முழுப் பாரமும் உங்கள் முதுகில்.

முதுகில் என்று சொன்னதைக் கவனியுங்கள். புதியவர் எல்லாரும் கையால் இழுப்பார்கள். மூன்று விரல்களை நாணில் கொக்கிபோல் மாட்டுங்கள். முதல் மூட்டின் மடிப்பில் நாண் உட்கார வேண்டும், நுனியில் அல்ல. மணிக்கட்டும் முன்கையும் தளர்ந்திருக்கட்டும். இப்போது முழங்கையைப் பின்னால் கொண்டுபோங்கள். தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வது தெரியும். நாண் தாடையைத் தொட்டு, ஆள்காட்டி விரல் தாடைக்குக் கீழே ஒட்டியதும் நில்லுங்கள். விடுவது என்பது விரலைத் திறப்பது அல்ல, விரலில் இருக்கும் பிடியை நிறுத்துவது. நாண் தானே கிளம்பும், கை தானே கழுத்தை ஒட்டிப் பின்னால் போகும். கை முன்னால் பாய்ந்தாலோ பக்கவாட்டில் பறந்தாலோ எங்கோ தப்பு. இந்த ஓர் அசைவைப் பழகவே மாதங்கள் ஆகும், இதில் அவசரப்பட்டுப் பலன் இல்லை.

அம்பு இல்லாமல் நாணை ஒருபோதும் இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பிப் போகும். ரிகர்வில் வில்தகடு, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, விரிசல் விடும். காம்பவுண்டில் நாணே அறுந்து முகத்துக்கு வரலாம்.

விசில் பாஷை

ரேஞ்சில் விசில்தான் சட்டம். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். தொடர்ந்து ஐந்து அல்லது அதற்கு மேல் ஊதினால், இழுத்த நாணை மெதுவாக இறக்கி உடனே நிறுத்த வேண்டும். கோட்டில் நிற்பவர் நாணை இழுத்திருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் வில்லைக் கேட்காமல் தொடாதீர்கள். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் இல்லையா என்று பார்த்து, ஒரு கையால் அட்டையை அழுத்தி, மறு கையால் அம்பை நுரைக்குப் பக்கத்தில் பிடித்து நேராக இழுங்கள்.

வேட்டை அம்போடு வருபவர்களுக்கு: கத்தி முனைகள் எந்த ரேஞ்சிலும் செல்லாது. நுரையைக் கிழித்துவிடும், பிடுங்கும்போது கையையும் கிழிக்கும். சாதாரணக் கூர்முனையை மாட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் வில்லின் பவுண்டைத் தாங்கும் நுரை அங்கே இருக்கிறதா என்றும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

படி மூன்று: எதை, எப்போது வாங்குவது

மூன்று மாதம் வில் வாங்காதீர்கள். அதற்கு முன் வாங்க வேண்டியவை இரண்டே: நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல் டேப் (tab), கைக்காப்பு. ஊரார் விரல் பட்டு வழுவழுத்துப்போன வாடகை டேப்பைவிடச் சொந்த டேப் உங்கள் விடுகையை உடனே சீராக்கும். இரண்டும் சேர்ந்து ஐம்பது வெள்ளிக்குள் முடியும்.

ரிகர்வ் வாங்கும்போது கைப்பிடியும் தகடுகளும் தனித்தனியாகக் கழறும் வகையாக, பல தயாரிப்பாளர்களின் தகடுகளும் பொருந்தும் பொதுப் பொருத்து முறை உள்ளதாக வாங்குங்கள். கடையில் 'ஐஎல்எஃப்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். 22 பவுண்டுத் தகட்டில் ஆரம்பித்து, பலம் கூடியதும் தகட்டை மட்டும் விற்று 26 வாங்கலாம், கைப்பிடி அப்படியே இருக்கும். முதல் தகடு ஓராண்டுக்குள் மாறிவிடும் என்பதால் அதில் விலை உயர்ந்ததை வாங்குவது வீண்.

தகட்டில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு நீளம் தோராயமாகத் தெரிய, இரு கைகளையும் விரித்த அகலத்தை இரண்டரையால் வகுங்கள். 170 சென்டிமீட்டர் என்றால் 68, அதாவது 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும்.

செலவு தோராயமாக இப்படி வரும். கைப்பிடி 150 முதல் 300 வெள்ளி, தகடுகள் 100 முதல் 150, குறிகாட்டி 50 முதல் 100, அம்பு தாங்கி, அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பட்டன், நாண் சேர்ந்து 65, சமநிலைத் தண்டு 80 முதல் 150, டேப், காப்பு, அம்பறாத்தூணி 80, ஒரு டஜன் அம்பு 80 முதல் 120. ஆக 600 முதல் 1,000 வெள்ளிக்குள் சொந்த வில் கைக்கு வரும். காம்பவுண்ட் வேட்டைத் தொகுப்புகள் பலவும் இதே விலையில் ஆரம்பிக்கும். ஆனால் போட்டிக்குரிய நீளமான காம்பவுண்ட், உருப்பெருக்கிக் குறிகாட்டி, நாணை விடுவிக்கும் விசைக்கருவி எல்லாம் சேர்ந்தால் மூவாயிரம் வெள்ளி சாதாரணமாகப் போய்விடும்.

இப்போது நிலத்தைப் பாருங்கள். ஒரு முறைக்கு 25 வெள்ளி, வாரம் ஒரு முறை, வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தால் 1,250 வெள்ளி. முதல் வருடத்திலேயே வில்லை முந்திவிட்டது. ஆகவே விலை பேச வேண்டிய இடம் வில்கடை அல்ல. மாதச் சந்தா உண்டா, பத்து முறைக்கு மொத்தமாக வாங்கினால் குறையுமா, கிளப்பில் சேர்ந்தால் என்ன சலுகை என்று விசாரியுங்கள். வீட்டில் ஒரு ரப்பர் பட்டையை வாங்கி வைத்துக் கண்ணாடி முன் தினமும் பத்து நிமிடம் இழுத்துப் பழகினால், ரேஞ்சில் காசு கொடுத்து வாங்கும் நேரம் அம்பு விடுவதற்கு மட்டும் போகும். பட்டைக்குப் பத்து வெள்ளி போதும்.

அம்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே

வில்லைவிட அம்புதான் முக்கியம் என்றால் புதியவர்கள் நம்புவதில்லை. சுமாரான வில்லில் பொருத்தமான அம்பு நேராகப் போகும். பொருந்தாத அம்பு எந்த வில்லிலிருந்தும் வாலை ஆட்டிக்கொண்டுதான் போகும். அம்பின் விறைப்பை 'ஸ்பைன்' எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தண்டு மென்மை. குறைந்த பவுண்டு ரிகர்வுக்கு 800, 900 போன்ற எண்கள் வரும். வேட்டைக் காம்பவுண்டுக்கு 300, 340, 400. நண்பரிடம் மிச்சம் இருந்த வேட்டை அம்பை வாங்கி 24 பவுண்டு ரிகர்வில் மாட்டினால், அது இரும்புக் கம்பியாக ஒரு பக்கம் ஒதுங்கிப் போகும். இழுப்பு நீளம், பவுண்டு இரண்டையும் சொல்லிக் கடையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். புதியவருக்கு ஓர் அங்குலம் நீளம் கூடுதலாக இருப்பது நல்லது, இழுப்பு இன்னும் நீளும்.

முதல் டஜன் மலிவாக இருக்கட்டும். சுவரில் போகும், இலக்குச் சட்டகத்தில் மோதும், தொலையும். கார்பன் தண்டு எதிலாவது மோதினால், மறுபடி எய்யும் முன் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சிறு விரிசல் சத்தம் வந்தாலும் குப்பைக்குத்தான். விரிந்த கார்பன் தண்டு விடும் நொடியில் உடைந்து கைக்குள் ஏறிய சம்பவங்கள் உண்டு. இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

திறமை கூடினால் செலவும் கூடும் என்பது இந்த விளையாட்டின் குசும்பு. 18 மீட்டரில் ஒரே அட்டையில் ஆறு அம்பும் நெருக்கமாகப் போக ஆரம்பித்தால், பின்னால் வரும் அம்பு முன்னதன் வாலை உடைக்கும். பார்க்க அழகு, புகைப்படம் எடுப்பார்கள், பத்து வெள்ளி போச்சு. மூன்று சின்ன வட்டங்கள் உள்ள அட்டையை மாட்டி வட்டத்துக்கு ஓர் அம்பு விடுவது அதனால்தான்.

காம்பவுண்டை விடவே மாட்டேன் என்பவருக்கு

சரி, விட வேண்டாம். ஏற்கெனவே வேட்டைக் காம்பவுண்ட் பழகியவர் இரண்டு மாதம் ரிகர்வில் அடிப்படை சரிசெய்துவிட்டுக் காம்பவுண்டுக்கே திரும்பலாம். உலக வில்வித்தைச் சங்கப் போட்டி விதிப்படி காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு, ஆகவே போட்டிக்குப் போனால் எழுபதை இறக்கியாக வேண்டும். காட்டுநிறச் சட்டைக்கும் அங்கே இடமில்லை, தேசியச் சேவைப் பச்சையை நினைத்து ஏங்க வேண்டாம். வேட்டை வில் சக்கரத்துக்குச் சக்கரம் முப்பது அங்குலத்தைச் சுற்றி இருக்கும். இலக்கு வில் 36-க்கு மேல் நீளும், நீளம் கூடக் கூட ஆட்டம் குறையும். உடனே மாற்ற வேண்டாம், வேட்டை வில்லோடு ஒரு வருடம் தாராளமாக ஓட்டலாம்.

போட்டி ஆசை உள்ளவருக்கும் நல்ல காலம்தான். ஒலிம்பிக்கில் இதுவரை ரிகர்வ் மட்டுமே இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் காம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டி முதல் முறையாக வருகிறது. பாராலிம்பிக்கில் காம்பவுண்ட் முன்பே உண்டு. பெருமூளை வாதத்தோடு பிறந்த நம் ஊர் நூர் ஷஹீதா அலிம் 2019-இல் காம்பவுண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான உலக வாகையர் ஆனார். உடல் வலு போதுமா என்று தயங்குபவர்கள் அவர் எய்யும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஊரின் வெயிலும் மழையும்

வில்லை நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள். நம் வெயிலில் உள்ளே ஏறும் சூட்டில் தகட்டின் பசை இளகும், காம்பவுண்ட் நாண் நீளும், முனை ஒட்டிய பசை உருகி அம்பு நுரையிலிருந்து வரும்போது முனை மட்டும் உள்ளேயே தங்கிவிடும். வெளித் திடலில் பழகினால் பிற்பகல் இடிமழை நிச்சயம் குறுக்கிடும். மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலை மூடிவிடுவார்கள், கட்டிய காசு திரும்புமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முனைகளைத் துணியால் துடையுங்கள், ஈரக்காற்றில் துரு ஏறும்.

எம்ஆர்டியில் போகும்போது ரிகர்வைக் கழற்றிப் பையில் போட்டு, அம்புகளைக் குழாயில் அடைத்து மூடிவிடுங்கள். காம்பவுண்டைக் கழற்ற முடியாது, நீண்ட பெட்டி வேண்டும். நெரிசல் நேரத்தில் அதோடு ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்பவருக்கும் கஷ்டம். நிலையத்தில் பையைச் சோதித்தால் பதறாமல் திறந்து காட்டி, ரேஞ்ச் உறுப்பினர் அட்டையையும் நீட்டுங்கள்.

பழைய வில்லைக் கரோசெலில் வாங்குவதானால் நேரில் போய்ப் பாருங்கள். நாணேற்றிய வில்லைப் பின்னாலிருந்து பார்த்தால் நாண் இரண்டு தகட்டின் நடுவிலும் ஓட வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் தகடு முறுக்கியிருக்கலாம். ஓரங்களில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், இழை மாட்டினால் கீறல். பழைய காம்பவுண்டில் நாண் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். விற்பவர் தெரியாது என்றால் புது நாணுக்கும் கடைக் கூலிக்கும் ஆகும் காசைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.